சங்கீதாவுக்கு மாத்தாளாகப் போன கதை

அப்ரண்டிஸ் பயிற்சியைக் கவனிக்கும் நம் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவன், கேட்டால் மறுக்க மாட்டான் என்று நினைத்திருக்கலாம். அது சரிதான்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் வந்தால் கை கால் நடுங்காது, வியர்க்காது. வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். எதிரே இருப்பவர் பதில் வணக்கம் சொன்னால் அதற்கு ஒரு வணக்கம். என் மனைவி இதை வைத்தே ஆபீஸில் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு நான் வணக்கம் சொன்னால், "இன்னிக்கு எந்த மில்லு?" என்பாள்.

நான் சொல்லப்போவதும் ஒரு மில்லின் கதைதான். பாபநாசத்துக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் ஒரு புழுங்கலரிசி மில். அங்கே மூன்று அப்ரண்டிஸ்கள் இருந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். பெண்ணின் பெயர் சங்கீதா. ஐ.டி.ஐ. முடித்தவள், ஒரு குழந்தைக்குத் தாய், நடவுக் காலத்தில் காலையில் வயலில் நடவு வேலை பார்ப்பவள்.

அரசாங்கம் அப்போது ஒரு சோதனை ஏற்பாட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தது. அப்ரண்டிஸ்கள் தங்கள் சூழ்நிலைக்கு ஏற்ப நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே பயிற்சிதான் தர வேண்டும். சங்கீதா, நடவு நடக்கிற மாதங்களில் தனக்கு மதியம் இரண்டு மணி முதல் என்று எழுதிக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் இதற்கு ஒத்துக்கொள்ளவே நான் இரண்டு முறை போய்ப் பேச வேண்டியிருந்தது. "காலை நேரம் உங்க வீட்டோடது. மில்லுலேருந்து ஒருத்தரும் அதைத் தொட முடியாது" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அடித்துச் சொன்ன சொல் பிறகு எப்படித் திரும்பி வந்து அடிக்கும் என்று நீங்களும் ஒருநாள் தெரிந்துகொள்வீர்கள்.

மில் முதலாளிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. முதல் மாதம் சங்கீதாவின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து களத்தைக் கூட்டச் சொன்னார். நான் போய்ச் சண்டை போட்டு, மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டரிடம் அவளைச் சேர்த்தேன். பிட்டர் அதிகம் பேசாத மனிதர். வலது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். முதலாளியின் அப்பா காலத்தில், இவர் மிஷினுக்குள் கை விட்டிருந்தபோது யாரோ அவசரப்பட்டு சுவிட்சைத் தட்டியதன் பலன் அது.

இந்த ஏற்பாடு தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று பார்க்க சென்னையிலிருந்து ஒரு மேடம் வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் வேண்டாம் என்று எழுதினால் சங்கீதாவின் பயிற்சி அன்றோடு முடிந்தது. முழு நேரம் வர அவளால் முடியாது. பாதியில் நின்றால் சான்றிதழும் கிடையாது.

இந்த இடத்தில்தான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். மேடம் முதலில் தஞ்சாவூரில் எங்கள் வகுப்பறைக்குத்தான் வருவார், வகுப்பு காலியாகக் கிடந்தால் அசிங்கம் என்று நானாகவே முடிவுகட்டி, சுற்றுவட்டார மில்களில் இருந்த அப்ரண்டிஸ்களை எல்லாம் அன்று காலை அங்கே வரச் சொல்லிவிட்டேன். இந்த மில்லின் இரண்டு பையன்களும் அதில் சேர்த்தி. வகுப்பு தேர்த்திருவிழா மாதிரி நிரம்பி வழிந்தது. மேடம் வகுப்புக்கு வரவே இல்லை. காரை நேராக மில்லுக்கு விடச் சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு நான் ஸ்கூட்டரில் பறந்து போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. புதுப் பேண்ட், புது ஷூ. மில்லுக்குள் நுழைகிறேன், சத்தமே இல்லை. ஓடுகிற மில்லில் சத்தம் இல்லை என்றால், நோயாளி அறையில் சத்தம் இல்லை என்பது போலத்தான்.

அவித்த நெல்லைத் தொட்டியிலிருந்து மேலே டிரையருக்குத் தூக்கிக்கொண்டு போகும் எலிவேட்டர் நின்றுவிட்டது. சாக்கு தைக்கும் சணல் எப்படியோ நெல்லோடு கலந்து போய், அடியில் உள்ள புல்லிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. குறுவை நெல் வந்து குவிந்துகொண்டிருந்த சமயம். இரண்டு தொட்டி நெல் ஆவியோடு அப்படியே நிற்கிறது. தொட்டியிலேயே கிடந்தால் அது மேலும் வெந்து, மஞ்சள் தட்டி, வாடை பிடித்துவிடும். அதற்குப் பிறகு அதை அரிசி என்று யாரிடமும் சொல்ல முடியாது.

மேடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் சொன்னார். நான் மறுபடியும் சொன்னேன். முதலாளிக்குச் சொன்னேன். பிட்டருக்கும் சொன்னேன்.

"வணக்கம் கெடக்கட்டும் சார், பசங்க எங்க?" என்றார் பிட்டர்.

"தஞ்சாவூர்ல... வகுப்புல..."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

புல்லியில் சுற்றிய சணலை உருவ வேண்டுமானால் ஒருவர் கையை உள்ளே விட வேண்டும். இன்னொருவர் சுவிட்ச் போர்டில் நின்று, அவர் சொல்லும்போது மட்டும் ஒரு நொடி தட்டி நிறுத்த வேண்டும். கொஞ்சம் சுற்றும், கொஞ்சம் உருவலாம். மறுபடி ஒரு தட்டு. பிட்டரின் ஹெல்பர் கும்பகோணத்தில் மச்சான் கல்யாணத்துக்குப் போயிருந்தார். தஞ்சாவூரிலிருந்து பையன்கள் கிளம்பினாலும் அவர்கள் வருவதற்குள் நெல் போய்விடும்.

"நான் நிக்கிறேன்யா போர்டுல" என்றார் முதலாளி.

"நீங்க நின்னா நான் கை விடமாட்டேன் முதலாளி."

"எம் மில்லுய்யா இது!"

"மில்லு உங்களுது. கை என்னுது."

முதலாளி என்னைக் காட்டினார். "சார் நிக்கட்டும். படிச்சவரு."

பிட்டர் என் கைகளைப் பார்த்தார். ஐந்தாவது வணக்கத்துக்குத் தயாராகக் குவிந்திருந்தன. "வேணாம் சார்" என்றார் மரியாதையாக. பிறகு, "சங்கீதா வந்தா செய்யலாம். அந்தப் புள்ள, முதலாளி கத்துனாக்கூட நான் சொல்லாம சுவிட்சைத் தொடாது" என்றார்.

முதலாளி மேடம் பக்கம் திரும்பினார். "பாத்துக்குங்க மேடம். இதுக்குத்தான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். வேணுங்கிறப்ப ஆளு இல்ல. வயல்ல நிக்குது."

"அவங்க பயிற்சி நேரம் எப்போ?" என்றார் மேடம்.

"ரெண்டு மணிக்கு."

"அப்போ இப்ப அவங்க இங்க இல்லாதது சரிதானே?"

"சரிதான் மேடம். நெல்லுக்கு அது தெரியலியே." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், இந்த ரெண்டு தொட்டி போச்சுன்னா, மேடம் என்ன எழுதினாலும் சரி, நாளைலேருந்து என் கேட்டுக்குள்ள அரை நேர ஆளு கிடையாது."

மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். 'கூப்பிடுங்கள்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பழி அவரோடு போய்விடும். அவருக்கு அது தெரிந்திருந்தது. "கூப்பிடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கூப்பிடாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான் வந்திருக்கேன்" என்றார்.

தம்பி தங்கைகளே, இதுதான் நான் சொன்ன நெருக்கடி. அவளை அவளுடைய வீட்டு நேரத்தில் கூப்பிட்டால், ஏற்பாட்டை நானே மேடத்தின் கண் முன்னால் உடைத்தவன் ஆவேன். கூப்பிடாவிட்டால் முதலாளி உடைத்துவிடுவார். இரண்டிலும் போவது சங்கீதாவின் பயிற்சி. எனக்கு ஒன்றும் ஆகாது. அதிகம் போனால் ஒரு மெமோ. முடிவை எடுக்கிறவன் ஒருவன், அதன் விலையைக் கொடுக்கிறவர் இன்னொருவர். இந்த வேலையில் பாதி நாள் இப்படித்தான் இருக்கும்.

சங்கீதாவுக்குப் போன் அடித்தேன். வரப்பில் ஏதோ ஒரு பைக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன்.

வாய்க்காலைத் தாண்டி மூன்றாவது வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் சேலைக்கு மேலே சட்டையும் தலையில் துண்டுமாக, வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்று கை கூப்பினேன்.

"வணக்கம். எல்லாருக்கும் வணக்கம்."

நடவு செட்டுக்குத் தலைவி மல்லிகா அக்கா நிமிராமலே பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். "என்னடி, எலெக்‌ஷனா வருது?"

சங்கீதா நிமிர்ந்தாள். முழங்கை வரை சேறு. "என்ன சார், இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டு மணிதானே சார்?" என்றாள்.

"ஆமாம்மா."

"காலை நேரத்த ஒருத்தரும் தொட முடியாதுன்னு எங்க வீட்டுல வந்து நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான். இப்ப உத்தரவு போட வரல. கேக்க வந்திருக்கேன்."

இதை நான் யோசித்துச் சொன்னதாக நினைத்துக் குறித்துக்கொள்ள வேண்டாம். உத்தரவு போடும் அளவுக்குக் குரல் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தால், அன்று நான் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான்.

"அவ நடுவுல வயல விட்டு ஏற முடியாது சார்" என்றாள் மல்லிகா அக்கா. "நாளைக்கு வாய்க்கால்ல முறை மாறுது, தண்ணி அந்தப் பக்கம் போயிடும். இந்த வயலு இன்னிக்கே முடியணும். ஏறினவள அடுத்த நடவுக்குக் கூப்புட மாட்டோம். போன வருசம் எம் மவளே ஏறிப் போனா. இந்த வருசம் அவ செட்டுல இல்ல. பாத்துக்குங்க."

சங்கீதா என்னைக் கேட்டாள். "பயிற்சி முடிஞ்சதும் மில்லுல வேலை நிரந்தரம்னு முதலாளி எழுதிக் குடுப்பாரா சார்?"

'கொடுப்பார்' என்று சொல்லியிருந்தால் அப்போதே ஏறி வந்திருப்பாள். தொட்டியில் வெந்துகொண்டிருக்கும் நெல் என் கண்ணுக்குள் வெந்துகொண்டிருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"மாட்டாரும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்ப செட்டை நான் விட முடியாது. மாத்தாள் இருந்தா வரேன்."

மாத்தாள் என்றால், ஏறுகிறவளின் இடத்தில் இறங்கி நடுகிற ஆள். அப்படி ஒரு ஆளை விட்டுவிட்டுப் போனால் செட்டில் இடம் போகாது. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். ஊரிலுள்ள பெண்கள் எல்லாம் ஏதோ ஒரு வயலில் குனிந்திருந்தார்கள். வரப்பில் ஒரு கொக்கு நின்றது. நான் நின்றேன்.

"ஏன், சாரு ஆளு இல்லையா?" என்றாள் மல்லிகா அக்கா.

வயல் முழுக்கச் சிரித்தது.

"எனக்கு நடத் தெரியாதே."

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே பயிற்சின்னு இவகிட்ட சொன்னீங்களாமே. எறங்குங்க."

சங்கீதா சிரிக்கவில்லை. "ஒண்ணு சார். இப்ப போற நேரத்த சாயங்காலம் கழிச்சுக்கணும். நான் முன்னாடி பஸ்ஸுக்குக் கெளம்பிடுவேன். அத முதலாளி வாயால சொல்லணும்." நான் முதலாளிக்குப் போனைப் போட்டு அவள் காதருகே பிடித்தேன். எதிர்முனையில் ஓர் உறுமல் கேட்டது. "சரின்னாரு" என்றாள். வாய்க்காலில் கை காலைக் கழுவினாள். என் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து அதற்குள் வைத்து, பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். சேறு முழங்காலைத் தாண்டிப் பிடித்துக்கொண்டது. யாரோ கையில் நாற்று முடியைத் திணித்தார்கள். குனிந்தேன். முதுகில் ஒரு எலும்பு, தான் அங்கே இருப்பதை வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தெரிவித்தது.

ஆனால் என் காது முழுக்க மில்லில்தான் இருந்தது. வயல்வெளியில் சத்தம் நன்றாகக் கேட்கும். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. சங்கீதா தட்டியிருக்கிறாள். இப்போது பிட்டரின் கை உள்ளே இருக்கும். மறுபடி 'டக்'. கை வெளியே வந்திருக்குமா? அந்தப் பாதி விரல் என் கண் முன்னால் வந்து நின்றது. இவளை பிட்டரிடம் சேர்த்துவிட்டவன் நான். வயலிலிருந்து அவசரமாக ஏற்றி அனுப்பியவனும் நான். ஸ்கூட்டரில் பறந்துபோய், கை ஈரம்கூடக் காயாமல் நிற்கிற பெண்ணின் விரல் ஒருமுறை வழுக்கினால்?

'டக்.' அப்புறம் சத்தமே இல்லை.

நான் நிமிர்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவளும் நிமிர்ந்தாள். ஒருத்தி துண்டை விலக்கிக் காதைக் கொடுத்தாள். மல்லிகா அக்கா கையில் நாற்றோடு மில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீரில் ஏதோ பூச்சி ஓடுவது கூடக் கேட்டது. நான் என்னை அறியாமல் மில்லைப் பார்த்துக் கை கூப்பியிருந்தேன். அதை நீங்கள் பிரார்த்தனை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அது வணக்கம்தான்.

டக், டக், டக், டக் என்று எலிவேட்டர் விடாமல் ஓட ஆரம்பித்தது.

"ஓடிருச்சு" என்றாள் மல்லிகா அக்கா. அடுத்த மூச்சிலேயே, "சாரு, வேடிக்க பாத்தது போதும், வரிசை பின்னால நிக்குது" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து முதலாளியின் கார் வாய்க்கால் கரையில் வந்து நின்றது. மேடம் இறங்கி வரப்பில் நடந்து வந்தார். நான் சேற்றுக் கையோடு வணக்கம் சொன்னேன். நெற்றியெல்லாம் சேறு.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"மாத்தாள் மேடம்."

"அவங்க வீட்டு நேரத்துல நீங்க அவங்களக் கூப்பிட்டிருக்கீங்க. எந்த விதியில இடம் இருக்கு?"

"இல்ல மேடம்."

"வரமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"திரும்பி வந்து உங்ககிட்ட அதைச் சொல்லியிருப்பேன். இது மாதிரி வணக்கம் சொல்லிட்டு."

அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு நீங்க இருந்தீங்க. நாளைக்கு?" என்றார். அதற்குள் மல்லிகா அக்கா என் வரிசைக்கு வந்து குனிந்து பார்த்தாள். நான் நட்டதில் பாதி ஏற்கெனவே வேரோடு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"அம்மா, நீங்கதான் பெரிய ஆபீசரா?" என்றாள் மேடத்தைப் பார்த்து. "ஆளுக்கு ஆளு விட்டா மட்டும் போதாதும்மா. அடுத்த தடவ வேலை பழகுன ஆளா விடச் சொல்லுங்க. இத நாங்க திரும்ப நடணும்."

அப்போதுதான் மேடம் சிரித்தார். சிரித்துவிட்டு என் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் எழுதிய அறிக்கையில் ஏற்பாடு தொடரலாம் என்று இருந்தது. கூடவே ஒரு நிபந்தனை: நேரத்தைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் இல்லாத வேளைக்கு, அதே வேலையை முழுதாகப் பழகிய இன்னொருவரை நிறுவனமே தயார் செய்துவைக்க வேண்டும். எனக்கு ஒரு மெமோவும் வந்தது. சங்கீதாவை அவள் வீட்டு நேரத்தில் மில்லுக்குக் கூப்பிட்டதற்காக அல்ல. வகுப்பை நிரப்பியதற்காக.

நெல் முழுக்கத் தப்பவில்லை. ஒரு தொட்டியின் அடியில் கொஞ்சம் மஞ்சள் தட்டிவிட்டது. முதலாளி அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேஜையில் வைத்துக்கொண்டு, நான் போகும்போதெல்லாம் மோந்து பார்க்கச் சொல்வார். இரண்டாவது ஆளுக்குப் பயிற்சி என்றதும், "வெளியாளுக்கு எதுக்கு? நானே கத்துக்கறேன்" என்று சங்கீதாவிடம் போய் நின்றார். அவள் மதியம் இரண்டு மணிக்கு வருவாள். அவர் சுவிட்ச் போர்டு பக்கத்தில் கை கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

அவள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று நான் மில்லுக்குப் போனேன். முதலாளியின் பயிற்சி எந்த அளவில் இருக்கிறது என்று பிட்டரைக் கேட்டேன்.

சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்றிருந்த முதலாளியை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

"வணக்கம் சார்" என்றார்.